அம்மாவின் நாள்காட்டி



ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. செய்த பிரசங்கத்தின்படி நடப்பது எத்துணைக் கடினம் என்பதை, குருப்பட்டம் பெற்று இருபத்தேழு ஆண்டுகள் கழிந்த பிறகு, பிறந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு தீவில் கற்றுக்கொண்டேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் பேராசிரியருமல்லர், தியானப் பிரசங்கியாருமல்லர். என் உடன்பிறந்த தங்கை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எனினும் படிப்பவர்களில் ஒரு குடும்பத்திற்கேனும் இது பயன்படுமாயின் என் வெட்கம் வீணாகாது.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில் இருக்கிறது. அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 2019-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. விடியுமுன்னே பூச்சந்தைக்குப் போகும் மல்லிகை மூட்டைகளின் மணமும், பகலெல்லாம் ஓயாத தறிகளின் ஓசையும், ஆடித்தபசுக் காலத்தில் தெருவை நிறைக்கும் மக்கள் வெள்ளமும் எங்கள் இளமையோடு கலந்தவை. அப்பா தறி நெய்தார். நான் குருமடத்தில் இருந்தபோதே இறைவனடி சேர்ந்தார். அதன்பின் அம்மா தார் சுற்றியும் பால் விற்றும் எங்கள் இருவரையும் ஆளாக்கினார்கள். நான் மூத்தவன், தங்கை என்னைவிட ஆறு வயது இளையவள். வீட்டில் அவளைப் ‘பாப்பா’ என்றே அழைப்போம். நான் குருவான நாள்முதல் அம்மா என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘சாமி’ என்றுதான் அழைப்பார்கள்.

தங்கையின் திருமணத்தை நானே நிறைவேற்றி வைத்தேன். அவள் கணவர் வாசுதேவநல்லூர்ச் சர்க்கரை ஆலையில் பொறியாளராக இருந்தவர். 2009-ஆம் ஆண்டு பிஜித் தீவில் உள்ள சர்க்கரை ஆலையொன்றில் வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு புறப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடுவோம் என்று சொல்லித்தான் போனார்கள். எவர்தாம் அப்படிச் சொல்லாமல் போயிருக்கிறார்கள்!

அம்மா தனியே இருந்தார்கள். என் பங்கு கோவில்பட்டிக்கு அப்பால். பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணந்தான். இந்தத் தூரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. ஜூலை மாதத்தில் ஒரு மாலை, செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோதே அம்மாவின் உயிர் பிரிந்தது. எழுபத்தொன்பது வயது, இருதயம் பலவீனப்பட்டிருந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த காலம் அது. நான் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. மறுநாள், இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதிக்குட்பட்டு அடக்கம் நடந்தது. இந்தியாவிலிருந்தும் பிஜியிலிருந்தும் வழக்கமான பயணிகள் விமானம் எதுவும் பறக்கவில்லை. அடுத்த வீட்டுத் தம்பி ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்க, தன் தாயை மண்ணுக்குள் இறக்குவதைத் தங்கை அந்தச் சிறு கண்ணாடியில் பார்த்தாள்.

அன்றிரவு அவள் என்னை அழைத்தாள். எனக்குத் துக்கம், களைப்பு, அவற்றோடு இன்னதென்று தெரியாத ஒரு கோபம். “பணம் அனுப்பிவிட்டால் மகளாகிவிட முடியுமா? பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பதினோரு ஆண்டாக அவர்களைத் தனியே விட்டாயே!” என்றேன். அவள் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் அழுகுரல் கேட்டது. பிறகு தொடர்பு நின்றது. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எங்களுக்குள் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் பாஸ்கா வாழ்த்தும் தவிர வேறு பேச்சு இல்லை.

நிற்க. 2021 ஜனவரியில் வீட்டைத் துப்புரவு செய்யச் சென்றேன். அடுக்களைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த மாதநாள்காட்டிகளை எடுத்தேன். கோயிலில் கொடுக்கும் திருநாள் காட்டிதான். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்கள். பால் கணக்கை அதில் பென்சிலால் குறிப்பது அவர்கள் வழக்கம். பால் கணக்கோடு வேறொரு குறியும் கண்டேன். ஏறத்தாழ ஒவ்வொரு கட்டத்திலும் ‘பா’ என்ற எழுத்து. மாதத்தில் ஓரிரு கட்டங்களில் மட்டும் ‘சா’ என்ற எழுத்து. புரிந்துகொள்ள எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. ‘பா’ என்றால் பாப்பா பேசிய நாள். ‘சா’ என்றால் சாமி வந்த நாள் அல்லது பேசிய நாள். பிப்ரவரி மாதத்தில் ஒரே ஒரு ‘சா’. அது கோயில் மண்டப வேலைக்கு நன்கொடை திரட்டச் சங்கரன்கோவில் வழியாகப் போனபோது அரைமணி நேரம் வீட்டில் தலைகாட்டிய நாள்.

பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவள் நாள்தோறும் தாயின் அருகில் இருந்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தவன்தான் தொலைவில் இருந்திருக்கிறான். அந்த நாள்காட்டிகளைச் சுருட்டி என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். தங்கையிடம் சொல்லவில்லை. முப்பது நாள் திருப்பலியிலும், ஆண்டு நினைவுத் திருப்பலியிலும், கல்லறைத் திருநாளிலும் மன்னிப்பைப் பற்றிப் பேசினேன். பெட்டியை மட்டும் திறக்கவில்லை.

2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தங்கையின் கணவர் அழைத்தார். “மகளுக்குப் பெந்தகோஸ்து ஞாயிறன்று உறுதிபூசுதல். நீங்கள் கட்டாயம் வரவேண்டும், பயணச்சீட்டை நான் அனுப்புகிறேன்” என்றார். பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்குமோ என்று செவிசாய்த்தேன், கேட்கவில்லை. ஆயர் அவர்களின் அனுமதி பெற்று மே மாதத்தில் புறப்பட்டேன். பெட்டியில் அம்மாவின் கைத்தறிச் சேலை ஒன்றும், அவர்களது செபமாலையும், அந்தச் சுருளும் இருந்தன.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து இரவு முழுதும் பறந்து நாடி விமானநிலையம். பசிபிக் பெருங்கடலில் மெலனீசியத் தீவுக் கூட்டமும் பொலினீசியத் தீவுக் கூட்டமும் கைகோக்கும் இடத்தில் பிஜி நாடு அமைந்திருக்கிறது. முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகள். மக்கள் வாழ்பவை ஏறத்தாழ நூற்றுப்பத்து. அதன் ஆளுகைக்குட்பட்ட ரொத்துமா என்னும் தொலைத்தீவின் மக்கள் பொலினீசிய இனத்தவர். நம் கடிகாரத்தைவிட அங்கே ஆறரை மணி நேரம் முந்தி விடிகிறது. அம்மா இறந்த செய்தி தங்கையை எட்டியபோது அங்கே இரவு இரண்டு மணி கடந்திருந்தது என்பதை அப்பொழுதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்நேரத்தில் அவள் என்ன செய்திருப்பாள் என்று மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை.

அவர்கள் வாழும் லௌதோக்கா நகரம் கரும்பின் நகரம். அங்குள்ள ஆலை 1903-இல் ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனியால் தொடங்கப்பெற்றது, இன்று நாட்டுடைமை. ஜூன் மாதத்தில்தான் அரைவைப் பருவம் தொடங்கும். நான் சென்ற மே மாதம் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் காலமாதலால் மாப்பிள்ளை கையெல்லாம் மசகெண்ணெயோடுதான் வீடு திரும்புவார். கரும்பு வயல்களின் ஊடே குறுகிய இருப்புப்பாதை ஓடுகிறது. கரும்பேற்றும் சிறு இரயில்களுக்கானது. வயலோரத்தில் மாமரம், புளி, முருங்கை, கறிவேப்பிலை. இவற்றைப் பார்த்தபோது வாசுதேவநல்லூர்ச் சாலையில் நிற்கிறேனோ என்று மயங்கினேன்.

தங்கை வாசலில் நின்று, “வாங்க அண்ணே” என்றாள். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. மருமகள் ஓடிவந்து, “மாமா” என்று கையைப் பற்றினாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சந்தான் வரும். ஆங்கிலமும் அவ்வூர் இந்தியும் சரளம். இந்தியிலும் தாயின் சகோதரன் ‘மாமா’ தான். ஆகையால் அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. முதல்நாள் மதியம் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்திருந்தாள். அம்மாவின் கைப்பக்குவம் அப்படியே இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். அவ்வளவே. உபசரிப்பில் ஒரு குறையுமில்லை. உரையாடலில் மட்டும் ஒரு விருந்தாளிக்குரிய மரியாதை இருந்தது. அம்மாவைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிஜி நாட்டுத் தமிழரின் கதையை வாசகர்கள் அறிந்திருக்கலாம். 1879 மே 14-இல் ‘லியோனிடாஸ்’ என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளரைக் கொண்டுவந்து சேர்த்தது. 1916 வரை அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. தமிழர், தெலுங்கர், மலையாளிகள் அவற்றில் போயினர். ‘அக்ரிமெண்ட்’ என்ற சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆயிற்று. அத்தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டை நினைத்துத்தான் பாரதியார் உள்ளம் நைந்து பாடினார். 1920 ஜனவரி முதல்நாள் அந்த ஒப்பந்தங்கள் ஒழிந்தன. எஞ்சியவர்கள் அங்கேயே வேரூன்றி, 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவிப் பள்ளிகள் பல நடத்தினர். நாடி நகரில் கோபுரத்தோடு கூடிய முருகன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள்.

அத்தகைய குடும்பத்து முதியவர் ஒருவர் தங்கையின் வீட்டுக்கு வந்தார். ஊரிலிருந்து ஒரு சாமியார் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாராம். தம் பாட்டனாரின் குடியேற்றச் சீட்டின் நகலைக் காட்டினார். பெயர், தந்தை பெயர், உயரம், உடல் தழும்பு, மாவட்டம் வட ஆற்காடு. கிராமத்தின் பெயர் எழுதியவன் கையில் சிதைந்து, படிக்க முடியாதபடி இருந்தது. “இது உங்கள் ஊருக்குப் பக்கமா?” என்று கேட்டார். மருமகள்தான் மொழிபெயர்த்தாள். பக்கமில்லை என்று சொல்லவே மனம் வரவில்லை. பிறகு அவர் சொன்னது என் நெஞ்சில் தைத்தது: “பாட்டனாருக்குத் தம் தாய் எப்போது இறந்தாள் என்பது கடைசிவரை தெரியாது. கடிதம் ஏதும் வரவில்லை. தாய் உயிரோடிருக்கிறாள் என்றே எண்ணிக்கொண்டு கிழவராகி இறந்தார்.”

அவர் போனபின் தங்கை வாசற்படியில் வெகுநேரம் அமர்ந்திருந்தாள். “எனக்காவது பார்க்கக் கிடைத்தது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் கேட்காதவன்போல் செபப்புத்தகத்தைத் திறந்துகொண்டேன். இறைவன் என்னை மன்னிப்பாராக.

மே 14-ஆம் நாள் வந்தது. கிர்மிட் நினைவுநாளை அரசு விடுமுறையாக அறிவித்த முதல் ஆண்டு அது. தலைநகர் சுவாவில் ஒப்புரவு வழிபாடு நடைபெற்றது. முன்கதை இதுதான்: 1987-இல், அதே மே 14 அன்று, இந்திய வம்சாவளியினருக்குச் செல்வாக்கிருந்த அரசை இராணுவம் கவிழ்த்தது. அதை நடத்திய சித்திவேனி ரம்புகா என்பவரே 2022 டிசம்பரில் மக்களாட்சி முறையில் பிரதமராக வந்திருந்தார். அக்கவிழ்ப்புக்குப் பின் ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் நாட்டைவிட்டு வெளியேறின. அன்று நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதியாக இருந்தவர்கள் இன்று மூன்றில் ஒரு பங்கே. அந்த வழிபாட்டில் மெதடிஸ்டு சபையின் தலைவர், சபையினர் அதற்குத் துணைபோனதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிரதமரும் கேட்டார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, தவறு செய்தவரே நாடறிய நின்று மன்னிப்புக் கேட்கும் காட்சி எங்கும் எளிதில் காணக்கூடியதன்று.

எங்களுடன் அடுத்த வீட்டு உபதேசியாரும் இருந்தார்; அம்மண்ணின் பூர்வகுடியினர். அவர் தம் மக்களின் வழக்கமொன்றை விளக்கினார். பிறருக்குத் தீங்கு செய்தவன், ‘தம்புவா’ எனப்படும் திமிங்கிலப் பல்லையோ யங்கோனா வேரையோ கையிலேந்திச் சென்று, தீங்குற்றவர் முன் தாழ்ந்து அமர்ந்து, தன் தவற்றைத் தன் வாயாலே சொல்ல வேண்டும். மற்றவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டால் தவறு மன்னிக்கப்பட்டது. பிறகு அதைப்பற்றிப் பேசலாகாது. இதற்குப் ‘புலும்புலு’ என்று பெயர். ‘புதைத்தல்’ என்பது அதன் பொருளாம். “வெறுங்கையோடு போகக்கூடாது, ஃபாதர். மன்னிப்புக் கேட்பவன் தன்னிடமுள்ள விலைமதிப்புள்ள பொருளைக் கொண்டுபோக வேண்டும்” என்றார்.

புதைத்தல் என்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. அம்மாவைப் புதைத்த அன்றிரவு நானும் ஒன்றைப் புதைத்திருக்கலாம். மாறாக ஒரு பொய்க்குற்றத்தைத் தோண்டியெடுத்துத் தங்கையின் தலையில் வைத்தேன். ஊதாரி மைந்தனின் உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். வீட்டிலேயே இருந்த மூத்த மகனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அது வேறு எவரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கதையிலோ தொலைதேசம் போனவள் எதையும் ஊதாரித்தனமாய்ச் செலவழிக்கவில்லை. மூத்தவனின் கோபம் மட்டும் உவமையில் உள்ளபடியே இருந்தது.

மறுநாள் இரவு உணவுக்குப்பின் தங்கை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து சுருளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். குருவாகிய நான் எத்தனையோ பேருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டவன். எனக்கு வாய் எழவில்லை. தரையில் அமர்ந்தேன். “பாப்பா, இதை வாங்கிக்கொள். அம்மாவின் நாள்காட்டி. அன்றிரவு நான் சொன்னது அத்தனையும் தப்பு. அம்மாவைத் தனியே விட்டவன் நான். அதை இரண்டு வருடமாகத் தெரிந்துகொண்டும் உன்னிடம் மறைத்துவிட்டேன். என்னை மன்னிப்பாயா?” என்றேன்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுருளைப் பிரித்தாள். பென்சில் எழுத்துகளை விரலால் தடவினாள். பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

“எனக்குத் தெரியும் அண்ணே. ‘இன்னைக்குப் பா போட்டாச்சு’ என்று அம்மா போனிலே சொல்லுவாங்களே.”

அவளுக்குத் தெரியும்! நான் குற்றஞ்சாட்டிய அந்த இரவிலேயே, ‘சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியைப் போய்ப் பாருங்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் என் வாயை அடைத்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“அன்றைக்கு உங்களிடமும் ஒருவருமில்லை அண்ணே. நீங்களும் தனியாகத்தானே அடக்கம் பண்ணினீங்க.” சற்றுப் பொறுத்து மேலும் சொன்னாள்: “அம்மா அதைக் கணக்குப் பார்க்க எழுதவில்லை. ‘சா’ போடாத நாளிலே சாமிக்கு வேலை அதிகம் போலிருக்கிறது என்று உங்களுக்காக ஒரு செபமாலை சொல்லுவாங்க. காலிக் கட்டமெல்லாம் உங்களுக்குத்தான்.”

நான் அழுதேன். அதற்கு மேல் விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

அம்மா இறந்த இரவில் நடந்ததை அப்போதுதான் கேட்டறிந்தேன். அவள் அலறல் கேட்டு உபதேசியாரின் மனைவி ஓடிவந்தாராம். விடிவதற்குள் தெருவிலுள்ள பூர்வகுடிப் பெண்கள் பாய்களைச் சுமந்துகொண்டு வந்து, வீடெங்கும் விரித்து, அவளைச் சுற்றி அமர்ந்துகொண்டார்கள். அக்காலம் அந்நாட்டில் நோய்ப்பரவல் அடங்கியிருந்ததால் கூடுவதற்குத் தடையில்லை. அவர்கள் மொழியில் பாடல்கள் பாடினார்கள். அம்மாவின் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் அம்மாவுக்காக அழுதார்கள். நூறாவது இரவன்றும் மறவாமல் வந்தார்களாம். அது அவர்கள் குலவழக்கம். சங்கரன்கோவிலில் இருபது பேரோடு அம்மாவை அடக்கம் செய்தோமே என்று வருந்தினேன். மாகடலுக்கு அப்பால் ஒரு தெருவே துக்கங்கொண்டாடியதை அறியாதிருந்தேன்.

மே 28, பெந்தகோஸ்து ஞாயிறு. அவ்வாலயத்தில் ஓசியானியாவின் பாதுகாவலர் புனித பீட்டர் சானெல் அவர்களின் படம் இருந்தது. பிஜிக்கு வடகிழக்கேயுள்ள ஃபுத்துனா என்னும் பொலினீசியத் தீவில் 1841 ஏப்ரல் 28-இல் மறைசாட்சியாக மரித்தவர் அவர். மூன்றரை ஆண்டுப் பணியில் ஒருசிலரையே மனந்திருப்ப முடிந்தது. அவர் மரித்த சில ஆண்டுகளுக்குள் தீவு முழுவதும் திருமுழுக்குப் பெற்றது. அவருடைய சபையினரே 1844-இல் பிஜிக்கு முதல் கத்தோலிக்க மறைபரப்பாளராக வந்தனர். மருமகள் அம்மாவின் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உறுதிபூசுதல் பெற்றாள். தங்கை அம்மாவின் கைத்தறிச் சேலையை உடுத்தியிருந்தாள். ஆங்கிலத்திலும் பிஜி மொழியிலும் இந்தியிலும் மன்றாட்டுகள் ஒலித்தன. நான்காவதாகத் தமிழிலும் ஒரு மன்றாட்டைச் சொல்லும்படி பங்குக்குரு என்னைப் பணித்தார். தொலைவில் வாழும் பிள்ளைகளுக்காகவும், அருகில் இருந்தும் தொலைவிலிருப்போருக்காகவும் வேண்டினேன். பொருள் புரிந்தவர்கள் அக்கூட்டத்தில் மூன்றே பேர்.

திரும்பும்போது நாள்காட்டிகளைத் தங்கையிடமே விட்டுவர எண்ணினேன். அவள் ஒரு தாளை மட்டும் கிழித்து என்னிடம் தந்தாள். அது 2020 பிப்ரவரி. ஒரே ஒரு ‘சா’ உள்ள மாதம். “மீதிக் கட்டத்தையெல்லாம் பார்த்துக்கொள்ளுங்க அண்ணே, அத்தனை செபமாலை” என்றாள். அத்தாள் இன்று என் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது.

வாசகர்களே, நம் மறைமாவட்டத்தில் ஒரு பிள்ளையேனும் அயல்நாட்டில் இல்லாத தெரு அரிதாகிவிட்டது. போனவர்களை நன்றியற்றவர்கள் என்று ஏசுவது இருப்பவர்களுக்கு எளிது. இருப்பவர்களைச் சொத்துக்குக் காவலிருப்பவர்கள் என்று நினைப்பது போனவர்களுக்கு எளிது. தூரத்தைக் கிலோமீட்டரால் அளந்துவிட வேண்டாம். பெற்றோர் உயிரோடிருப்பின் இன்றே போய்ப் பாருங்கள், முடியாதெனில் பேசுங்கள். உடன்பிறந்தோரிடம் சொல்லத்தகாத சொல்லைச் சொல்லியிருப்பின், அவர் முதலில் பேசட்டும் என்று காத்திராதீர்கள். உங்களிடமுள்ள விலைமதிப்புள்ள பொருள் எதுவோ அதை எடுத்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அது நாம் மறைத்து வைத்திருக்கும் உண்மையாகவே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பத்து மணிக்குத் தங்கையை அழைக்கிறேன். அங்கே மாலை நாலரை. இவ்வாண்டு நாள்காட்டியில் நானும் பென்சிலால் ‘பா’ என்று குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். மறந்துபோகும் ஞாயிறுகளும் உண்டு. அந்நாளில் அம்மா செய்ததுபோல், காலிக் கட்டத்துக்காக ஒரு செபமாலை சொல்கிறேன்.